ஓவனில் கருவாட்டு வாசனை நீக்கும் முறை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாள்முதலாக, நாகரிகத்தின் வரலாறு என்பது தான் சமைத்தது இன்னதென்று பக்கத்துக் குகைக்குத் தெரியாமல் இருக்க அவன் எடுத்துக்கொண்ட முயற்சிகளின் வரலாறே ஆகும். புகைபோக்கியும் சாம்பிராணியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அந்த மகத்தான பயணத்தின் மைல்கற்கள். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலுக்குப் பின்னாலிருக்கும் தெருவொன்றில், லோகேஸ்வரனின் வாடகை வீட்டுச் சமையலறையில், அந்தப் பயணம் ஒரு சிறிய மைக்ரோவேவ் ஓவனுக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றது. காலையில் பால் சூடு பண்ணலாம் என்று அதன் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து கருவாட்டு வாசனை வந்தது.

லேசாகத்தான். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, தலையைக் கிள்ளி, மண் போக அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகும் விரலிடுக்கில் கொஞ்சம் மிச்சமிருக்குமே, அந்த அளவு. லோகேஸ்வரன் தன் கையை முகர்ந்து பார்த்தான். பால் டம்ளரை முகர்ந்தான். காலண்டரில் இருந்த முருகனைத் தவிர சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு, மறுபடியும் ஓவனுக்குள் தலையை நீட்டினான். சந்தேகமே இல்லை.

அந்த வீட்டுக்குள் கருவாடு வர வழியே கிடையாது. மாடியில் வீட்டுக்காரர் வேணுகோபால் இருந்தார். ஜரிகை வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு பேப்பர் படிப்பவர். வீடு பார்க்க வந்த அன்றைக்கே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நாங்க யாரையும் ஜாதி, மதம்னு பாக்கறது இல்லீங்க. அதெல்லாம் அந்தக் காலம். சுத்த சைவமா இருக்கணும், அவ்ளோதான்." திருப்புட்குழிப் பக்கத்துக் காலனியில், ஏரி வற்றும்போதெல்லாம் சேற்றில் இறங்கி விரால் பிடித்து வளர்ந்த லோகேஸ்வரன், கண்ணை இமைக்காமல், "பொறந்ததுலேர்ந்தே சைவம் சார்," என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுகாசினி தரையில் பதித்திருந்த டைல்ஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சுகாசினி இல்லை. அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றுதான் முதல் வருஷப் படையல் போட்டிருந்தான்.

எலியாக இருக்கும் என்று நினைத்தான். எலி செத்தால் கருவாட்டு வாசனை வராது என்பது காலனியில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தெருவில் வசிக்கிறவன் எலி என்றுதான் நினைக்க வேண்டும்.

பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஓவனில் வாசனை என்று அவனிடமா? காந்தி ரோட்டில் வீட்டு உபயோகப் பொருள் விற்கிற கடையொன்றில் அவன் சீனியர் டெமான்ஸ்ட்ரேட்டர். 'சீனியர்' என்பது அவனே சொந்தச் செலவில் பேட்ஜில் போட்டுக்கொண்டது. கல்யாணச் சீர்வரிசைக்கு ஓவன் வாங்க வருகிற குடும்பங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மேடம், இது அடுப்பு இல்ல, வாழ்க்கை முறை," என்று ஆரம்பிப்பான். உள்ளே நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்டுவிட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். அதற்கென்று கடை சார்பில் ஒரு வீடியோவே போட்டிருக்கிறார்கள். அதில் அவன் கோட்டு போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் ஏந்தி நிற்பான்.

ஆகவே அன்றைக்கும் முறைப்படி செய்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, பிழிந்து, தோலையும் அதிலேயே போட்டான். தண்ணீர் கொதித்து உள்பக்கமெல்லாம் ஆவி படியும்வரை ஓட்டினான். உடனே திறக்கக் கூடாது. ஆவி அழுக்கை இளக்குவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அப்புறம் சுழலும் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவர், கூரை, கதவின் உள்பக்க ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் மெத்தென்ற துணியால் துடைத்தான். கம்பி நாரை மட்டும் தொடவே கூடாது. செய்யச் செய்ய, யாருமில்லாத சமையலறையில், வாய் தன்னாலே டெமோவைச் சொல்லிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா மேடம், எவ்ளோ ஈஸி."

எலுமிச்சை மணம் மட்டும் மிஞ்சியது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வந்தபோது ஓவன் கதவு மூடியிருந்தது. காற்றில் மூடியிருக்கும். திறந்தான். காலையில் வந்தது பச்சைக் கருவாட்டு வாசனை. இப்போது வந்தது அதுவல்ல. எண்ணெய் காய்ந்து, வெந்தயம் சிவந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குகிற மணம். பழைய மணமும் இல்லை, இப்போதுதான் யாரோ கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் திரும்பியதுபோன்ற சூடான மணம். உள்ளே கை வைத்துப் பார்த்தான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது நன்றாக நினைவிருந்தது.

இந்த ஓவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சுகாசினிக்கும் அவன் முழு டெமோ காட்டினான். சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த அவள் மடியில் ரவிக்கைத் துணி. ஆரி வேலை செய்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாமா, இதுல கருவாடு வெச்சா நாத்தம் வெளிய போவாதா?"

"கதவு சீலு பண்ண மாதிரி இருக்குது பாரு. வெளிய போவாது. உள்ளயே நிக்கும்."

"உள்ளயே நின்னுக்கினு இருக்குமா?" என்று சொல்லிவிட்டு ஊசியில் மணி கோத்தாள். "பாவம்."

அவன் அதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அப்புறம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கடைசிக் கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், திரும்பாமலே சொன்னாள். "நாக்கு செத்துப்போச்சு மாமா. ஒரு வாய் கருவாட்டுக் கொழம்பு பட்டா உயிர் வரும்னு தோணுது."

அவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். மேலே கூரை இருந்தது. கூரைக்கு மேலே வேணுகோபால் இருந்தார்.

"நல்லா ஆயிடட்டும்மா. வாங்கியாரேன்," என்றான்.

"சரி மாமா," என்றாள். அவள் எதற்குமே சரி மாமா என்பாள். அது ஒரு பழக்கம். நல்லாவும் ஆகவில்லை.

அவர்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படையல் என்றால், உயிரோடு இருந்தபோது எதை விரும்பித் தின்றார்களோ அதைத்தான் இலையில் வைப்பார்கள். பீடி குடித்தவருக்குப் பீடி. நண்டு தின்றவளுக்கு நண்டு. விளக்கேற்றி, இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். உள்ளே வந்து அவர்கள் சாப்பிடுவதற்கு ஒரு கொஞ்ச நேரம். லோகேஸ்வரனின் அப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் கருவாட்டோடு கால் பாட்டிலும் வைக்கப்பட்டது. அவர் ஒருமுறைகூட மிச்சம் வைத்ததில்லை என்று சித்தப்பா சொல்வார்.

சுகாசினிக்கு லோகேஸ்வரன் சாம்பார் வைத்தான். பீன்ஸ் பொரியல், வடை, அப்பளம், பாயசம். வாழையிலையின் ஓரத்தில் ஒரு ஸ்வீட் பீடா. வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அவளுடைய அக்கா பொன்னி, இலைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது யாருக்குப் போட்ட எலைபா? மேல் ஊட்டு அய்யாவுக்கா?"

"அக்கா, மெல்ல பேசுங்க. இங்க அதெல்லாம் செய்ய முடியாது. சாத்வீகமா செஞ்சா ஆத்மாவுக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"எந்த ஆத்மா? பீன்ஸ பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவாளே, அந்த ஆத்மாவா?"

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். மொட்டைமாடிக் கட்டைச்சுவரில் வைத்த பிடிச் சோற்றுக்குக் காக்கை வந்தது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. போய்விட்டது. கோயில் தெருக் காக்கைகளுக்குத் தினமும் புளியோதரை கிடைக்கிறது, அதனால்தான் என்று லோகேஸ்வரன் விளக்கினான். வேணுகோபால் இறங்கி வந்து ஒரு வடை சாப்பிட்டுவிட்டு, "ரொம்பக் கட்டுசெட்டா பண்ணிருக்கீங்க லோகு சார். எங்க மனுஷாளே இப்பல்லாம் இப்படிப் பண்றதில்ல," என்றார். மனைவியின் நினைவுநாளில் அவனுக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் இனித்தது. பொன்னி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள்தான் அந்தப் பச்சை வாசனை.

வெங்காயம் வதங்கிய சாயங்காலம் அவன் பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்துச் சுவரெல்லாம் பூசினான். ஊறவிட்டுத் துடைத்தபோது துணியில் மஞ்சள் கறை. மஞ்சள்தூள் மஞ்சள். தட்டைத் தூக்கினான். அடியில் தட்டு உருளுவதற்கான சக்கர வளையம். வளையத்துக்கும் தரைக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து விளக்கருகில் கொண்டுபோனான்.

நெத்திலித் தலை. நகத்தால் கிள்ளியது. சுகாசினி கிள்ளுவது போலவே கழுத்து வெள்ளிக்கோடு கொஞ்சமும் சிதையாமல். காய்ந்த தலையாக இருந்தால் எந்தக் காலத்துக் கருவாடோ என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அது ஊறிப் போய் மெத்தென்று ஈரமாக இருந்தது.

டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது சுற்றிச் சுற்றி மிதந்தது. இன்னும் ஊற்றினான்.

அன்றிரவு தூங்கவில்லை. கிண்ணத்தில் காப்பிப் பொடியும், இன்னொன்றில் அடுப்புக்கரித் துண்டுகளும் போட்டு உள்ளே வைத்துக் கதவை மூடியிருந்தான். கரி எந்த நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும். வீடியோவில் அவனே சொல்லியிருக்கிறான்.

விடிந்ததும் திறந்தான். புளி கொதித்துக்கொண்டிருந்தது.

புளி இல்லை, கொதிக்கவும் இல்லை. காப்பிப் பொடியும் கரியும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஆனால் கரைத்து ஊற்றிய புளி மிளகாய்த்தூளோடு சேர்ந்து பச்சை வாசனை போகக் கொதிக்கும்போது தொண்டையில் ஒரு கமறல் எடுக்குமே, அந்தக் கமறல் அவனுக்கு எடுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. நாற்றம் திரும்பத் திரும்ப வரவில்லை. நாற்றம் முன்னேறிக்கொண்டிருக்கிறது. முதலில் அலசினார்கள். அப்புறம் வதக்கினார்கள். இப்போது கொதிக்கிறது. யாரோ, எந்த அவசரமும் இல்லாமல், உடம்புக்கு முடிகிறபோது கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குழம்பு வைக்கிறார்கள்.

கொதிக்கிற குழம்புக்கு அடுத்து என்ன என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் வேலைக்குப் போகவில்லை. ஓவனைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். கல்லாகக் கனத்தது. கன்னம் பக்கவாட்டுத் தகரத்தில் பட்டது. காய்ச்சல்காரியின் வயிற்றைத் தொட்டதுபோல் சூடு. உள்ளே களக், களக் என்று மெதுவாக ஒரு சத்தம். மேடைமேலேயே வைத்துவிட்டான். மேலும், பட்டப்பகலில் இந்த வாசனையைத் தெரு முழுக்கச் சுமந்துகொண்டு போகவா முடியும்?

அதற்கு அவசியமே இருக்கவில்லை. வாசனை தானாகவே போயிருந்தது. மத்தியானம் வேணுகோபால் வாசலில் வந்து நின்றார். மூக்கில் அங்கவஸ்திரம்.

"லோகு சார், தப்பா எடுத்துக்கப்படாது. மேல வரைக்கும் ஒரு மாதிரி வாடை."

"எலி சார். எலி செத்துருக்குது."

"எலிக்கு யாரு சார் பூண்டு உரிச்சுப் போட்டா?" அவர் சிரித்தார். அது கெட்ட சிரிப்பாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா தெருவுல கேக்கறா. யாருக்கு வீடு விட்டிருக்கீர், நன்னா விசாரிச்சீரான்னு கேக்கறா. சாயந்திரம் நானே வந்து ஒரு தரம் உள்ள பாத்துடறேன். வாடை இல்லேன்னா ஒண்ணும் இல்ல. இருந்தா, நீங்களே மனசு கோணாம வேற எடம் பாத்துக்கணும்."

"கண்டிப்பா சார். சுத்தமா இருக்கும் சார்."

கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்துச் சாய்ந்தான். வேறு எங்கே போவது? காலனிக்குப் போனால், "என்னாபா சாம்பாரு, தொரத்திட்டாங்களா?" என்பார்கள். அதைக்கூடத் தாங்கலாம். அந்த மூலையில் கட்டில் கிடந்தது. அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் அவள் எண்ணெய்த் தலை பட்ட இடம் ஒரு மங்கல் வட்டமாக இருந்தது. அதை அவன் துடைக்கவில்லை. எதையும் துடைக்கத் தெரிந்தவன், அதை மட்டும் துடைக்கவில்லை. வீட்டை விட்டால் அடுத்து வருகிறவர்கள் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

பொன்னிக்குப் போன் போட்டான். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"அக்கா... ஓவன்ல இருந்து கருவாட்டு வாசன வந்துக்கினே இருக்குது. என்னா செஞ்சாலும் போவல."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"நெத்திலியா?"

"ம்."

"கத்திரிக்கா போட்டாளா?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பி முகர்ந்தான்.

"இங்கயே நெத்திலி நல்லதா வந்துருக்குது. நான் கொழம்பு வெச்சு எடுத்தாரேன். ஒரு எலை போட்டு வெச்சுடுபா. கேட்டது அது ஒண்ணுதானே."

"இந்த ஊட்லயா? சாயந்திரம் அவரு வராருக்கா. அடுத்த வருஷம் காலனில வெச்சு நல்லா செஞ்சிடலாம். சத்தியமா."

"அடுத்த வருசமா?" பொன்னி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. "நீ இப்டித்தான் சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும் லோகு. அதான் அவளே செஞ்சிக்கிறா."

போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கோயில் மதிலிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டுகிற சத்தம், மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம், எங்கோ ஒரு விசைத்தறியின் தடக் தடக் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் சமையலறையிலிருந்து அந்தக் களக், களக். அவன் வினிகர் பாட்டிலையும் மிச்சமிருந்த சோடாவையும் ஒரு குண்டு பாத்திரத்தில் எலுமிச்சம்பழங்களையும் கற்பூர டப்பாவையும் எடுத்துவைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, போருக்குப் போகிறவனைப்போல் மேடைக்கு முன்னால் நின்றான். முதலில் பிளக்கைப் பிடுங்கினான். வயரைச் சுற்றி ஓவனின் மேல் வைத்தான். அந்த நேரத்தில் தெருவுக்கே கரண்ட் போயிற்று. தறிச் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

உள்சுவர் முழுக்கச் சிவப்புச் சிதறல். மூடி போடாமல் குழம்பு கொதித்தால் தெறிக்குமே, அப்படி. கூரையில், மூலையில், ஆவி வரும் துளைகளில். வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தான். துணி சிவந்தது. துடைத்த இடம் வெள்ளையாக மின்னியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளையில் முத்து முத்தாகச் சிவப்பு மறுபடி பூத்தது. துடைத்தான். பூத்தது. வேகமாகத் துடைத்தான். "பாத்தீங்களா மேடம்," என்றது வாய். "பாத்தீங்களா." முழங்கைவரை சிவப்பு வழிந்தது. கம்பி நாரை எடுத்தான். தொடவே கூடாது என்று தானே ஊருக்கெல்லாம் சொன்ன கம்பி நாரை. சுரண்டினான். பெயிண்ட் உரிந்தது. உரிந்த இடத்திலும் சிவப்பு.

திடீரென்று கமறல் நின்றது.

புளியின் உக்கிரம் அடங்கி, காரம் அடங்கி, கத்தரிக்காய் குழைந்து, எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கூடிவந்த மணம். அதன்மேல் மெல்லிய இழையாக இன்னொன்று. பச்சை நல்லெண்ணெய். இறக்கும்போது கடைசியாக மேலே ஒரு சுற்று விடுகிற நல்லெண்ணெய்.

இறக்கப்போகிறாள்.

அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டான். கதவு மூடிக்கொண்டது. மெதுவாக. சத்தமில்லாமல். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று நினைக்கிறவர்கள் மூடுவதைப்போல.

வயர் மேலே சுற்றியபடி இருந்தது. கரண்ட் இல்லை.

உள்ளே விளக்கு எரிந்தது.

மஞ்சள் வெளிச்சம். உம்ம்ம் என்ற முனகல். கண்ணாடித் தட்டு சுற்ற ஆரம்பித்தது. அதன்மேல் எதுவும் இல்லை. சுற்றியது. கதவுக் கண்ணாடியில் உள்பக்கமிருந்து ஆவி படிந்தது. கீழிருந்து மேலாக. வெள்ளையாக. ஒன்றும் தெரியவில்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"லோகு சார்? நான்தான். வேணுகோபால்."

அவன் அசையவில்லை.

ஆவியின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. உள்ளேயிருந்து விரல்கள். கண்ணாடியைத் துடைத்தன. துடைத்த இடத்தின் பின்னால் மஞ்சள் வெளிச்சம். அதில் ஏதோ குனிந்து பார்த்தது. இருக்கிறானா என்று.

முனகல் நின்றது.

டிங்.

"லோகு சார், உள்ளதான இருக்கீர்? தெருக்கோடி வரைக்கும் வாடை அடிக்கறது. தொறங்கோ."

ஓவன் கதவு திறந்தது. ஆவி வெளியே உருண்டு வந்தது. ஆவிக்குள்ளிருந்து ஒரு கை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்க முடியாத நீளம். மெலிந்து, எலும்பெல்லாம் தெரிந்து, புறங்கையில் ஆஸ்பத்திரி ஊசிக்காக ஒட்டிய பிளாஸ்திரி பாதி பிரிந்து தொங்க. விரல்களில் மஞ்சள். பிடியில் ஒரு கரண்டி. கரண்டியில் குழம்பு. கை நீண்டது. அவன் மார்புக்கு நேரே வந்து நின்றது. நடுங்கியது. ஆனால் சிந்தவில்லை. அடுப்படியில் நிற்கிறவள் உப்புப் பார்க்கச் சொல்லி நீட்டுவதைப்போல, அவன் உள்ளங்கைக்காகக் காத்திருந்தது.

வாசல் கதவு இடிபட்டது. தாழ்ப்பாள் குலுங்கியது.

"சார்! அப்ப நான் தெருக்காராளையும் கூப்பிடட்டுமா?"

லோகேஸ்வரன் வாயைத் திறந்தான். வந்துட்டேன் சார் என்று சொல்லத்தான். கீழே பார்த்தான். அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமலே, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு கரண்டிக்குக் கீழே போயிருந்தது. கரண்டி சாய்ந்தது. ஒரு சொட்டு விழுந்தது. சுட்டது.

அவனுக்கு வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது.